சந்தனம் பூசிய குதிரை

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ்ஸில், உமாபதியின் மடியில் இருந்த லட்டுப் பையில் லட்டு இல்லை. நாமம் அச்சடித்த சணல் பை என்னவோ அசல்தான். உள்ளே இருந்தது புத்தம் புது லேப்டாப். அதுவும் விராட்டா லேப்டாப் இல்லை, போட்டிக் கம்பெனியினுடையது.

ஒரு மனுஷன் லேப்டாப் வாங்குவதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு உமாபதியைத் தெரியாது. நகரியில் விசைத்தறிக்காரர்களுக்குச் சேலை பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிறவர் அவர். பதினாறு வருஷமாக விராட்டா தவிர வேறொரு கம்ப்யூட்டரை விரலால் தொட்டதில்லை. விராட்டாவின் மூடியில் நட்டநடுவே ஒரு வெள்ளைக் குதிரை பாயும். அந்தக் குதிரையைத் தெருவில் பதினோரு வீட்டுக்குள் ஏற்றிவிட்டவர் உமாபதிதான். அதற்காகக் கம்பெனிக்காரன் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. இவரும் கேட்டதில்லை. ஊரில் அவருக்குக் குதிரைக்காரர் என்றே பெயர்.

எதிர்வீட்டுத் தணிகைவேல் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். எட்டுத் தறி ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் தணிகைவேல் போட்டிக் கம்பெனியின் லேப்டாப்பை வாங்கி வந்தபோது, உமாபதி நடுத்தெருவில் நின்று, "சோத்துல உப்பு போட்டுத் துன்றவன் கம்பெனி மாத்த மாட்டான்" என்று சொல்லிவிட்டார். தெருவே கேட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. இப்போது தன் மடியிலும் அதே லேப்டாப் என்று தெரிந்தால் தணிகைவேல் சும்மா விடுவாரா? அதற்குப் பிறகு உமாபதி அந்தத் தெருவில் தலை காட்ட முடியுமா?

அவரும் வேண்டுமென்று மாறவில்லை. விராட்டாவுக்குத்தான் கொஞ்ச காலமாகப் போதாத காலம். புத்தூரில் இருந்த ஷோரூம் பேக்கரி ஆனது. திருப்பதியில் தரைத்தளத்தில் ஜோராக இருந்த சர்வீஸ் சென்டர் இரண்டாவது மாடிக்கு ஏறியது. அப்புறம் அதிலும் பாதியைப் போன் கவர் விற்கிறவனுக்கு விட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் ஹரிபாபு என்று ஒரே ஒரு ஆள். ஜூலை மாதம் உமாபதியின் மெஷின் உயிரை விட்டபோது அந்த ஹரிபாபுவிடம்தான் கொடுத்துவிட்டு வந்தார். "ஸ்பேர் பெங்களூர்லேர்ந்து வரணும் சார்" என்றான். ஆகஸ்டு போய் செப்டம்பரும் வந்துவிட்டது, ஸ்பேர் வரவில்லை. முகூர்த்தச் சேலைக்கு டிசைன் கேட்டுவந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஆரணிப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், நகரியில் வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று திருப்பதிக்குப் போய், வாங்கியதை லட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

புத்தூர் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. புத்தூரில் கையில் எலும்புக் கட்டோடு இந்திராணி ஏறினாள். தணிகைவேலின் மனைவி. வீட்டுக்காரர்கள் பேசாவிட்டாலும் அவள் எல்லோரிடமும் பேசுகிறவள். எத்தனையோ சீட் காலியாக இருக்க, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணா, மலைக்கா போய்ட்டு வர்ற?"

"ஆமாம்மா."

"சுந்தரி அக்காவ இட்டுக்கினு போகாம நீ மட்டும் தனியா போயிருக்கற?"

"இது மெஷினுக்கு வேண்டுதல்மா. என் விராட்டா படுத்துடுச்சு இல்ல, அது நல்லபடியா எழுந்துக்கணும்னு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் இந்திராணியின் பார்வை தன் தலைக்குப் போவதைக் கவனித்தார்.

"வேண்டுதல்னா மொட்டை போடலியா?"

"சரியான கும்பல்மா. நாளைக்கு மறுபடி போறேன்."

"பை இன்னா இவ்ளோ சப்பையா கீது? லட்டுன்னா உருண்டையா இல்ல இருக்கும்."

"கும்பல்ல நசுங்கிடுச்சு."

"நசுங்குனாலும் பிரசாதம் பிரசாதந்தான். ஒண்ணு குடுண்ணா."

"வீட்ல சாமி எதிர்ல வெச்சுட்டுத்தான் பிரிக்கணும்மா."

"சரி, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று இந்திராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரி வரும் வரைக்கும் உமாபதி பையை இறக்கவே இல்லை.

வீட்டில் மனைவி சுந்தரி லட்டு என்று நினைத்துப் பைக்குள் கையை விட்டாள். கை முட்டிய இடத்தில் மூடியின் நடுவே ஒரு ஆரஞ்சு நிற முக்கோணம் பளபளத்தது. அந்தக் கம்பெனியின் முத்திரை.

"இதைத்தான் ஒரு வருசமா தலைப்பாடா அடிச்சுக்கினேன்" என்றாள் சுந்தரி. "வாங்கனது வாங்கன, பெருமாளை ஏன் நடுவுல இழுத்த?"

"நாளைக்கு அந்தம்மா லட்டு கேட்டு வரும். நான் மொட்டையும் போட்டாகணும்."

"போடு. வெயிலுக்கு நல்லதுதான்."

மறுநாள் விடிந்ததும் திருப்பதிக்கு என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறிய உமாபதி, புத்தூரில் இறங்கி ஒரு சலூனில் உட்கார்ந்தார். மொட்டை அடித்து, சந்தனம் தடவி, அப்படியே மிட்டாய்க் கடையில் ஆறு லட்டும் வாங்கிக்கொண்டார். பெருமாளே, எல்லாம் சேர்த்து ஒரு தரம் நிஜமாகவே வந்து மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்திராணி லட்டைக் கடித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். "பச்சைக் கற்பூர வாசனையே இல்லியே."

"நசுங்குனதுல போயிடுச்சும்மா."

அவள் ஒத்துக்கொண்டாளோ இல்லையோ, மொட்டையை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். சாயங்காலமே தெரு வாட்ஸப்பில் அது வந்துவிட்டது. 'கம்ப்யூட்டர் நல்லாவணும்னு திருப்பதியில் மொட்டை போட்ட நம்ம குதிரைக்கார உமாபதி அண்ணன்.' கீழே நாற்பது கும்பிடு. நகரியிலிருந்து அது புத்தூருக்குப் போய், புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய், யார் யார் கையிலோ சுற்றியது. உமாபதியோ கதவைச் சாத்திக்கொண்டு புது லேப்டாப்பில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். அது சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்ததைப் பார்க்க அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு போன் வந்தது.

"நமஸ்காரமண்டி உமாபதி காரு. நான் விராட்டா கம்பெனி ரீஜனல் மேனேஜர் சுரேஷ்பாபு பேசறேன். உங்க மொட்டை போட்டோ பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

உமாபதியின் கை தானாக மொட்டையைத் தடவியது.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. முன்னே நூறு பேர் கம்ப்யூட்டர் வாங்கினா இருபத்தெட்டுப் பேர் நம்மளது வாங்கினாங்க. இப்போ மூணு பேர். அந்த மூணுல ரெண்டு பேர் தெரியாம வாங்கினவங்க. மேலிடத்துல ஒரே ஒரு போட்டோ கேக்கறாங்க. நம்ம கஸ்டமர் நம்ம மெஷின் பக்கத்துல நின்னு சிரிக்கற மாதிரி. ஜில்லா பூரா சுத்திட்டேன், எல்லாரும் மொறைக்கறாங்க. ஆயுத பூஜைக்கு நான் நேர்ல வர்றேன். சால்வை போடறோம். மெஷினை மட்டும் ரெடியா வைங்க."

"சார், மெஷின் உங்க சர்வீஸ் சென்டர்லதானே கீது" என்று உமாபதி கையில் கிடைத்த கிளையைப் பிடித்தார்.

"லேது லேது. போன வாரமே ரிப்பேர் பண்ணி உங்ககிட்ட குடுத்தாச்சுன்னு இங்க ரிப்போர்ட் இருக்கே."

போனை வைத்ததும் ஹரிபாபுவைக் கூப்பிட்டார். அவன் படியில் இறங்கி வெளியே வந்து பேசினான்.

"சார், மெல்ல பேசுங்க சார். உங்க மெஷின் இல்ல."

"இல்லன்னா இன்னாய்யா அர்த்தம்?"

"மதர்போர்டு காளஹஸ்தில ஒருத்தருக்குப் போட்டேன். ஸ்கிரீனு பாகாலாவுக்குப் போச்சு. கீபோர்டு மட்டும் கீது, வேணும்னா கொரியர்ல அனுப்பறேன்."

"என் மெஷின்தான் கிடைச்சுதா உனக்கு?"

"கம்பெனி கடைசியா ஸ்பேர் அனுப்பி மூணு மாசம் ஆச்சு சார். வர்றவன் எல்லாம் சட்டையைப் புடிக்கறான். நீங்க ஒருத்தர்தான் பொறுமையா போன கஸ்டமர். அதான் உங்களுதுல கை வெச்சேன்." அடுத்து கெஞ்சலுக்கு இறங்கினான். "மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க சார். வீட்ல முழுகாம கீறாங்க. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

பதினாறு வருஷ விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு கீபோர்டு. உமாபதிக்கு அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சியின் புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

சுந்தரிதான் யோசனை சொன்னாள். "தெருவுல பதினோரு பேர் தலையில கட்டினியே, ஒருத்தர்கிட்ட ஒரு நாளைக்கு இரவல் வாங்கு."

பூஜைக்கு முதல் நாள் உமாபதி லுங்கி வியாபாரம் செய்யும் முனுசாமி வீட்டுக்குப் போனார். முனுசாமி கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியில் உடம்பை வைத்து நின்றார்.

"உன் விராட்டாவ ஒரு நாளைக்குக் குடு முனுசாமி. நாளைக்கே தந்துடறேன்."

முனுசாமியின் முகம் வாடியது. "அடடா. பூஜையில வெச்சுட்டேனேண்ணே. வெச்சதை எடுக்கலாமா?"

"பூஜை நாளைக்குத்தானே?"

"நான் கொஞ்சம் முன்னாடியே வெச்சுட்டேன்."

"எத்தினி நாள் முன்னாடி?"

"அது கீது ஒரு பத்து நாள்."

முனுசாமியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் உமாபதி. சாமி மாடத்தில் லேப்டாப் நிமிர்ந்து நின்றது. மூடியின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சந்தனம். குதிரையின் காது நுனிகூட வெளியே தெரியவில்லை.

"இவ்ளோ சந்தனமா?"

"பக்திண்ணே" என்று சொல்லி முனுசாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

தான் ஏற்றிவிட்ட குதிரைக்கு இப்படி ஒரு பக்தரா என்று உமாபதிக்குப் பெருமையாக இருந்தது. நாலு எட்டு நடந்த பிறகுதான் பொறி தட்டியது. சந்தனம் குதிரையை மறைக்கிறது என்றால் முக்கோணத்தை மறைக்காதா?

வீட்டுக்கு வந்து சந்தனப் பொடியைப் பன்னீரில் குழைத்துப் பூசினார். ஆரஞ்சு முக்கோணம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது பூச்சு பூசினார். நிறம் மறைந்தது, ஆனால் மூன்று முனையும் மேடு தட்டியது. மூன்றாவது பூச்சுக்கு அக்கம்பக்கத்துக் கடையில் இருந்த சந்தனப் பொட்டலம் எல்லாம் வீட்டுக்கு வந்தது. காய்ந்ததும் அது ஏரி வற்றின மாதிரி வெடித்து, வெடிப்பு வழியாக மறுபடி ஆரஞ்சு தெரிந்தது.

"குங்குமம் கொண்டா" என்றார்.

சுந்தரி கொண்டுவந்த குங்குமத்தை அப்பள அளவுக்கு அப்பினார். இப்போது அது லேப்டாப் என்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"நாளைக்கு அந்த ஆளு இதைத் தொறந்து காட்டுன்னா இன்னா பண்ணுவ?"

"ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. தறிக்காரன் தறியைத் தொடறானா? அதே சட்டம்தான்."

சுந்தரி பொரி கடலை எடுத்து வைக்கப் போனாள். எப்படியும் நாளைக்கு மானம் போகப் போகிறது, வருகிறவர்களுக்கு வாயில் போட ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஆயுத பூஜை அன்று நகரியில் ஒரு தறி ஓடவில்லை. சத்தமே இல்லாத தெருவில் விராட்டா கம்பெனியின் கார் வந்து நின்றபோது எல்லா வீட்டுக்கும் கேட்டது. வேலை இல்லாத நாள், வேடிக்கைக்குக் கேட்க வேண்டுமா? உமாபதியின் முன்னறை நிரம்பிவிட்டது. முனுசாமி கதவோரம் ஒதுங்கி நின்றார். கூட்டத்தின் பின்னால், கட்டுப் போட்ட கையோடு இந்திராணி, அவள் பக்கத்தில் தணிகைவேல். இரண்டு வருஷம் கழித்து அந்த வாசற்படி ஏறியிருக்கிறார். உமாபதிக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

காரிலிருந்து இரண்டே பேர் இறங்கினார்கள். மேனேஜர் சுரேஷ்பாபு, தோளில் லேப்டாப் பையோடு. டிரைவர் வேங்கடாசலம், கழுத்தில் கேமராவோடு.

"போட்டோகிராபரை வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க" என்றார் மேனேஜர். "அதுக்கு முன்னாடி சால்வை புடிக்கற பையனை எடுத்துட்டாங்க. இப்போ எல்லாத்துக்கும் நம்ம வேங்கடாசலம்தான்."

சால்வை போட்டார். உமாபதியின் மொட்டையைக் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டத்தைப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு கஸ்டமர் இருக்கற வரைக்கும் விராட்டா அழியாது" என்று சொல்லிக் கர்ச்சீப்பை எடுத்தார். உமாபதிக்குச் சால்வை முதுகில் நெருப்பாகச் சுட்டது. இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

"மெஷினை ஒரு தரம் ஆன் பண்ணுவோமா?"

"இன்னிக்குத் தொடக்கூடாது சார்."

"ஆமாமா, தப்பு, தப்பு" என்று மேனேஜர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூடினபடியே இருக்கட்டும். வேங்கடாசலம், எடுப்பா."

உமாபதி பல்லைக் காட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றார். வேங்கடாசலம் கேமராவைத் தூக்கினார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு வருஷமாக உமாபதி கேட்காத குரல்.

"குதிரையே தெரியலியே" என்றார் தணிகைவேல். "கம்பெனிக்குப் போற போட்டோ. நடுவுல கொஞ்சம் தொடைச்சுட்டு எடுத்தா நல்லாயிருக்குமே."

"அதானே" என்று இந்திராணி நல்ல கையில் ஈரத்துணியோடு முன்னே வந்தாள். அதை எங்கிருந்து எடுத்தாளோ, கேட்டவுடன் கையில் வந்துவிட்டது.

உமாபதிக்கு உச்சந்தலையில் வியர்த்தது. மொட்டைத் தலையில் வியர்வை நிற்க இடமில்லாமல் நேரே கண்ணுக்குள் இறங்கியது. சுந்தரியைப் பார்த்தார். அவள் பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேலைப் பார்த்தார். அந்த முகத்தில் குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே முகம். அதைப் பார்த்ததும், போதும் இந்தப் பிழைப்பு என்று ஆகிவிட்டது அவருக்கு. துணி சந்தனத்தைத் தொடுவதற்குள் தானே சொல்லிவிடுவது மேல்.

"தணிகா," என்றார். "அன்னிக்கு நடுத்தெருவுல நான் உன்னை ஒண்ணு சொன்னேன் இல்ல. அது—"

"வேணாம்."

சொன்னது தணிகைவேல் இல்லை. மேனேஜர். ஒரே தாவலில் மெஷினுக்கும் இந்திராணிக்கும் நடுவில் வந்து கையை விரித்து நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"பூஜை போட்ட சந்தனத்தை யாராவது தொடைப்பாங்களாம்மா? மகா பாவம். இன்னிக்கு ஒரு மெஷின்ல தொடைச்சா, அப்புறம் எல்லா மெஷின்லயும் தொடைக்கச் சொல்லுவீங்க. குதிரை உள்ளே இருக்கு, அது நமக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும். வேங்கடாசலம், நீ எடு."

கதவோரத்தில் முனுசாமி பெரிய மூச்சாக விட்டார். படம் எடுத்தாகிவிட்டது. எவ்வளவு பக்தி இந்த மனுஷனுக்கு என்று உமாபதி மலைத்துப் போனார். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டதால் தணிகைவேலின் தோளில் கையை மட்டும் வைத்தார். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்பியாகணும். ஒரே நிமிஷம்" என்று மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து, தோள் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். மூடி கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றது. அதன் நடுவே கெட்டியாக ஒரு சந்தனப் பூச்சு, காய்ந்து வெடித்து, வெடிப்பின் மேல் இன்னொரு பூச்சு, அதற்கும் மேல் ஒன்று. உச்சியில் அப்பள அளவுக்குக் குங்குமம்.

பொரித் தட்டை நீட்டிய சுந்தரி அதைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்க ஆபீஸ்லயும் காலையிலயே பூஜையை முடிச்சுட்டீங்களா சார்?"

மேனேஜருக்குப் புரை ஏறியது. ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு வேங்கடாசலம்தான் பதில் சொன்னார்.

"எங்க சார் லேப்டாப்புக்கு வருசம் பூரா ஆயுத பூஜைதாம்மா."